ஓலைக்கு அடியில ஒரு வில்லன்!

பொள்ளாச்சின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமா ஷூட்டிங், இளநீர், ஆழியார் டேம்... எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, போன கோடை லீவுக்கு அப்புச்சி தோப்புக்குப் போற வரைக்கும்!

ஆனைமலை ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கினா ரெண்டு பக்கமும் பச்சை. எங்க தோப்பு மட்டும் தீயில வாட்டின மாதிரி நின்னுச்சு. அடிமட்டை எல்லாம் காய்ஞ்சு தொங்குது. ‘‘தண்ணி பத்தலீங்களா அப்புச்சி?’’ன்னேன். பதிலே சொல்லாம ஒரு ஓலையைக் கிழிச்சு, திருப்பிக் காட்டினார்.

அடிப்பக்கத்துல நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டின நீளமான கூடு. உள்ளே பச்சை உடம்பு, கறுத்த தலையோட ஒரு புழு. பேரே கருந்தலைப்புழு! சுமார் 40 நாள் அந்தச் சுரங்கத்துலயே குடியிருந்து ஓலையோட பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். அதான் அந்தக் கருகின லுக். அப்புறம் கூட்டுப்புழு, அப்புறம் அந்துப்பூச்சி. ராத்திரி திண்ணை லைட்டுக்கு ஒண்ணு வந்துச்சு. சாம்பல் கலர். இறக்கையை விரிச்சாலே ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். இத்துனூண்டு பூச்சியோட பிள்ளைங்களா இவ்வளவு பெரிய தோப்பைத் தின்னுச்சு?

இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர்னு தென்னை இருக்கிற ஊர்ல எல்லாம் ஐயா இருக்கார். 2008-ல தாய்லாந்து, 2013-ல சீனான்னு டூர் வேற! தென்னை கிடைக்கலைன்னா பனை, ஈச்சை, வாழையையும் விடறதில்லை.

‘‘ட்ரோன் வெச்சு மருந்தடிச்சுடலாமுங்க’’ன்னு என் இன்ஜினீயரிங் மூளையைக் காட்டினேன். ‘‘கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் போன தடவை அடிச்சுப் பாத்தாச்சு கண்ணு. மருந்து ஓலை மேல விழுகுது, புழு கூட்டுக்குள்ள பத்திரமா இருக்குது. செத்தது குளவிதான்!’’

எந்தக் குளவி? பிரக்கான், கோனியோசஸ்னு எறும்பு சைஸ் ஒட்டுண்ணிகள். கூட்டுக்குள்ள புகுந்து, புழுவைக் கொட்டி மயக்கி, அது மேலேயே முட்டை போடும். பொரிஞ்சு வர்ற குட்டிகளுக்கு அந்தப் புழுதான் சாப்பாடு. ஆய்வுக்கூடத்துல இந்தக் குளவிகளை வளர்க்கத் தீனி என்ன தெரியுமா? அரிசி அந்துப்பூச்சியோட புழு! பூச்சியை வெச்சே பூச்சிக்கு ஆப்பு!

அப்படி வளர்த்த குளவிகளை வாங்கிட்டு வந்து, மரம் மரமா நடந்து திறந்துவிட்டோம். ‘‘காய்ஞ்ச மட்டை இனி பச்சையாகாது கண்ணு. புது மட்டை தப்பிச்சாப் போதும்’’னார் அப்புச்சி.

இப்பல்லாம் போன் பண்ணினா ‘சாப்டீங்களா’வுக்கு முன்னாடி நான் கேக்கறது, ‘‘புது மட்டை எப்படீங்க இருக்கு?’’ நீங்களும் பொள்ளாச்சிப் பக்கம் போனா, செல்ஃபி எடுத்த கையோட ஒரு ஓலையைத் திருப்பிப் பாருங்க பாஸ்!