சிவப்புக் கோட்டில் ஒரு நகரம்

நெரிசலை நொடிக்கு நொடி காரின் திரை காட்டுகிறது. பெங்களூரில் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஓசூரைக் கடந்து, ஜூஜூவாடியில் தமிழ்நாடு முடிந்து, அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்குகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுவதற்கு முன்பே காரின் சின்னத் திரையில் நிறம் மாறிவிடுகிறது. அதுவரை பச்சையாக ஓடிவந்த கோடு பொம்மசந்திரா அருகே ஆரஞ்சாகி, எலெக்ட்ரானிக் சிட்டியில் சிவப்பாகி, சில்க் போர்டு என்று எழுதியிருக்கும் இடத்தில் காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. பெங்களூர் தரும் முதல் வரவேற்பு இப்போது இதுதான். முன்பெல்லாம் அந்த வேலையைக் குளிர்ந்த காற்று செய்துவந்தது.

இந்தச் சிவப்புக்கு உலகப் புகழ் உண்டு. ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட டாம்டாம் நிறுவனம், கார்க் கருவிகளிலிருந்து சேரும் தகவல்களை வைத்து ஆண்டுதோறும் நெரிசல் பட்டியல் வெளியிடுகிறது. 2019ஆம் ஆண்டுக்கான பட்டியலில் 57 நாடுகளைச் சேர்ந்த 416 நகரங்களில் பெங்களூருக்கே முதலிடம். நெரிசல் 71 சதவீதம். அதாவது, சாலை காலியாக இருந்தால் 30 நிமிடத்தில் முடியும் பயணத்துக்குச் சராசரியாக 51 நிமிடம். மும்பை நான்காவது, புனே ஐந்தாவது, டெல்லி எட்டாவது. 2024ஆம் ஆண்டுக்கான பட்டியலில் பெங்களூர் மூன்றாமிடத்துக்கு இறங்கியது. கொல்கத்தா இரண்டாமிடத்தைப் பிடித்தது. பத்து கிலோமீட்டரைக் கடக்கக் கொல்கத்தாவில் 34 நிமிடம் 33 விநாடி, பெங்களூரில் 34 நிமிடம் 10 விநாடி. அந்த 23 விநாடியைக் கொண்டாடிய பெங்களூர்வாசி யாரையும் நான் சந்திக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அத்திப்பள்ளியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம்வரை போக வேண்டியிருந்தது. நகரத்தின் தெற்கு நுனியிலிருந்து வடக்கு நுனிக்கு, எழுபது கிலோமீட்டருக்கு மேல். காரோட்டியவர் கிருஷ்ணகிரிக்காரர், இருபது வருடமாகப் பெங்களூரில் டாக்ஸி ஓட்டுகிறார். செல்போனை ஒரு வயரால் காரின் திரையோடு இணைத்திருந்தார். வரைபடமும் நெரிசலும் திரையில் தெரிந்தன. குரல் ஆங்கிலத்தில் பேசியது. அவர் அதற்குத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தத் திரைக்கு நெரிசல் எப்படித் தெரிகிறது? பலர் நினைப்பதுபோல் எந்தச் செயற்கைக்கோளும் சில்க் போர்டை மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி, மணி என்ன, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டுமே ஒலிபரப்புகின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்துவிட்டால் கருவி தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அத்தோடு வானத்தின் வேலை முடிந்தது. முன்னால் லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்ற செய்தி தரையிலிருந்துதான் வர வேண்டும்.

தொண்ணூறுகளில் ஐரோப்பியர்கள் இதற்கு ரேடியோவைப் பயன்படுத்தினார்கள். எஃப்.எம். ஒலிபரப்போடு, காதுக்குக் கேட்காத ஒரு தகவல் ஓடையும் சேர்ந்து போகும். 1997இல் ஜெர்மனியில் இது நடைமுறைக்கு வந்தது. விபத்து, பனிமூட்டம், சாலைப்பணி என்று நிகழ்ச்சிகளுக்கு 2,048 குறியீடுகள். இடங்களுக்கு அதிகபட்சம் 65,536 எண்கள். கார்க் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் நேவிகேட்டர்கள் சிலவற்றில் சார்ஜர் வயரிலேயே இதற்கான ஆன்டெனா இருந்தது. வயரைக் கழற்றினால் நெரிசல் செய்தியும் போய்விடும். ஒழுங்கான நெடுஞ்சாலைகளுக்கு ஏற்ற, ஒழுங்கான ஏற்பாடு. பெங்களூரின் கிராஸ்களையும் மெயின்களையும் எண்ணத் தொடங்கினால் அந்த எண்களே போதுமா என்று தெரியவில்லை.

இங்கே கதை வேறு மாதிரி நடந்தது. டெல்லியில் 1995இல் தொடங்கிய மேப்மைஇந்தியா போன்ற நிறுவனங்கள் கார்களுக்கு நேவிகேட்டர் பெட்டிகளைக் கொண்டுவந்தன. ஆரம்பகாலப் பெட்டிகளுக்குத் தெரிந்ததெல்லாம் சாலைகள்தான். இன்று அந்தச் சாலையில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. பெங்களூரிலேயே மேப்யூனிட்டி என்ற நிறுவனம் செல்போன் கோபுரங்களைச் சுற்றி எத்தனை போன்கள் இருக்கின்றன என்ற கணக்கை வைத்து நெரிசலை ஊகிக்கும் சேவையை நடத்தியது. கூகிள் இந்திய நகரங்களின் நெரிசலை வரைபடத்தில் வண்ணமாகக் காட்டத் தொடங்கியது அதற்குப் பிறகு, 2012இல்தான். சாலையில் போகும் போன்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் பெயரில்லாமல் அனுப்புகின்றன. ஐம்பது போன்கள் ஒரே இடத்தில் ஊர்ந்தால் கோடு சிவப்பாகும். நாம் பார்க்கும் நெரிசலுக்கு நம் சட்டைப் பையிலிருக்கும் போனும் ஒரு சாட்சி. பெர்லினில் ஒரு கலைஞர் 99 செல்போன்களைத் தள்ளுவண்டியில் போட்டு இழுத்துப்போய், காலியான தெருவைத் திரையில் சிவப்பாக்கிக் காட்டினார். அந்த வேடிக்கை 2020இல் உலகம் முழுவதும் செய்தியானது.

காரில் இந்த வசதியைப் பெற இன்று பெரிய வித்தையெல்லாம் வேண்டாம். புதிய கார்கள் பலவற்றில் தனி சிம் கார்டு உள்ளேயே இருக்கிறது. இல்லாவிட்டால் போனைத் திரையோடு இணைக்கலாம். பழைய பெட்டியாக இருந்து, அதற்கு இணையத் தொடர்பு இல்லையென்றால், அது வழி சொல்லும், நெரிசல் சொல்லாது. சிக்னல் கிடைக்காத இடங்களுக்காக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் வரைபடமும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் கவனிக்க மறப்பது இதைத்தான்: இணையத் தொடர்பு இல்லாமல் தெரியும் சாலை காலியான சாலை அல்ல, செய்தி வராத சாலை.

எலெக்ட்ரானிக் சிட்டி. முதல் சோதனை இங்கேதான். 2010இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலம் சில்க் போர்டு வரை போகிறது. மேலே போனால் கட்டணம். கீழே போனால் சிக்னல்கள். மேலேயும் கீழேயும் ஒரே கோடு. செயற்கைக்கோளின் கணக்குக்கு இரண்டு சாலைகளும் ஏறக்குறைய ஒரே இடம்தான். பாலத்தின் அடியில் போகும் கார் பாலத்தின் மேல் போவதாகக் கருவி நினைத்துக்கொண்டு, இல்லாத திருப்பத்தில் திரும்பச் சொல்வது இந்திய நகரங்களில் சகஜம். மேம்பாலத்தில் ஏறு என்று கூகிள் தெளிவாகச் சொல்லத் தொடங்கியதே 2024இல்தான்.

இந்த ஏறுவதா, வேண்டாமா என்ற கேள்வி எல்லாருக்கும் ஒரே கனம் உடையதல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மக்களுக்கு ஓசூர் சாலை ஆஸ்பத்திரிச் சாலையும்கூட. பொம்மசந்திராவின் இதய மருத்துவமனை, நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ் எல்லாம் இந்த ஒரே சாலையின் ஓரத்தில்தான் இருக்கின்றன. மேலே ஏறிய பிறகு வண்டிகள் நின்றுவிட்டால், இறங்குவதற்கு வழி குறைவு. எங்களுக்குப் பின்னால் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தது. மேலே போகுமா, கீழே போகுமா என்று எங்கள் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓரம் கட்டினார். ஆம்புலன்ஸ் கீழ்ச் சாலையைத் தேர்ந்தெடுத்தது. "அவருக்குத் தெரியும் சார். கீழேன்னா ரெண்டு பக்கமும் ஒதுங்க இடமிருக்கு, ராங் சைடுலகூடப் போயிடலாம். மேப்புக்கு ராங் சைடு தெரியாது" என்றார்.

சில்க் போர்டு சந்திப்பு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மத்திய பட்டு வாரியத்தின் அலுவலகத்தால் பெயர் பெற்றது. காஞ்சிபுரத்துத் தறிகளுக்குக் கர்நாடகத்துப் பட்டு நூல் வேண்டும். அந்த வகையில் தமிழர்களுக்குப் பழைய உறவுதான். ஆனால் இன்று பட்டை நினைத்துக்கொண்டு இந்தப் பெயரைச் சொல்பவர் யாருமில்லை. 2024 ஜூலையில் ராகிகுட்டாவிலிருந்து ஈரடுக்குப் பாலத்தின் ஒரு பக்கம் திறக்கப்பட்டது: கீழ்த் தளத்தில் வண்டிகள், மேல் தளத்தில் மெட்ரோ. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் வழித்தட மெட்ரோவும் வந்தது. திரை இங்கே 11 நிமிடம் தாமதம் என்றது. மாற்று வழியும் காட்டியது: இடதுபுறம் திரும்பி, குடியிருப்புத் தெருக்கள் வழியாகப் போனால் ஏழு நிமிடம் மிச்சம்.

டிரைவர் திரும்பவில்லை. "மேப் தப்பு சொல்லாது சார். ஆனா எல்லாருக்கும் அதையேதான் சொல்லும்."

இதைவிடச் சுருக்கமாக இந்தச் சிக்கலை யாரும் விளக்கிவிட முடியாது. பிரதான சாலை சிவந்ததும் திரை சந்துக்குக் கைகாட்டுகிறது. ஒரு கார் போனால் லாபம்தான். நூறு கார்கள் போனால், எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ பிள்ளைகள் சைக்கிள் விடும் தெரு நெடுஞ்சாலையின் கிளையாகிவிடுகிறது. எதிரே ஒரு தண்ணீர் டேங்கர் குழாயை நீட்டி நின்றுவிட்டால் தீர்ந்தது. டேங்கர் வருவது அந்தத் தெருவாசிக்குத் தெரியும். கருவிக்குப் பத்து கார்கள் நின்ற பிறகுதான் தெரியும். வீட்டு வாசலில் ஹாரன் சத்தத்தோடு வாழ்பவர்களின் எரிச்சல் எந்த நிறத்திலும் வரைபடத்தில் இல்லை. மிச்சமான ஏழு நிமிடம் அவர்களுடைய கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது.

வெளிவட்டச் சாலையில் அகரா, இப்பலூர், பெல்லந்தூர். மெட்ரோவுக்கான தூண்கள் நடுவில். இரு புறமும் கண்ணாடிக் கட்டடங்கள். ஏரிகளின் பெயர்களைத்தான் வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறோம் என்பது மழைக்காலத்தில் மட்டும் நினைவுக்கு வரும். 2022 செப்டம்பர் தொடக்கத்தில் இந்தச் சாலை வெள்ளத்தில் மூழ்கியது; கம்ப்யூட்டர் நிறுவன ஊழியர்கள் டிராக்டர்களில் ஏறி வேலைக்குப் போனார்கள்.

கருவியின் குணம் தெரியும் இடம் இதுதான். அது வேகத்தை அறியும், ஆழத்தை அறியாது. தண்ணீர் தேங்கிய சாலையில் வண்டிகள் ஊர்ந்தால் சிவப்பு. வண்டிகளே இல்லையென்றால், யாராவது சொல்லும்வரை அங்கே தண்ணீர் இருப்பதே அதற்குத் தெரியாது. 2023 மே 21ஆம் தேதி பெய்த மழையில், விதான சௌதாவுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் ஒரு வாடகைக் கார் சிக்கிக்கொண்டது. அதில் குடும்பத்தோடு வந்த ஓர் இளம்பெண் உயிரிழந்தார். வாடகைக் காரின் திரையில் என்ன இருந்தது என்பது இங்கே பேச்சல்ல. வாசலில் ஒரு தடுப்பும் ஓர் ஆளும் இருந்திருந்தால் அந்தக் கார் உள்ளே போயிருக்காது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, இடிந்து பாதியில் நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தபோதும் இதே கதைதான். வரைபடத்தில் பாலம் முழுதாக இருந்தது. சாலையில் மறிப்பு இல்லை.

பெங்களூர்ப் போக்குவரத்துப் போலீஸ் இந்த இடைவெளியை உணர்ந்தே 'அஸ்த்ரம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது. பழுதாகி நிற்கும் பஸ், சாய்ந்த மரம், தேங்கிய நீர் ஆகியவற்றைச் சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரர் செல்போன் வழியாகப் பதிவுசெய்ய முடியும். ஆக, கோடிக்கணக்கான கணக்குகளுக்குப் பிறகும் மழைக்கோட்டுப் போட்ட ஒரு மனிதர்தான் தேவைப்படுகிறார். ஒரு கோடிக்கு மேல் வாகனங்கள் உள்ள நகரத்தில் அவருடைய வேலை லேசானதல்ல.

மாரத்தஹள்ளியில் இன்னொரு விநோதம். நாங்கள் அசையாமல் நிற்க, இருபுறமும் ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் நீர்போல் வழிந்து சென்றன. அவர்கள் பைகளிலும் போன் இருக்கிறது. ஒரே சாலை, ஒரே நேரம், இரண்டு வேகம். ஐரோப்பாவில் வரையப்பட்ட கணக்கில் இது இல்லை. இரு சக்கர வாகனத்துக்குத் தனி வழிகாட்டுதலை 2017 டிசம்பரில் கூகிள் முதலில் இந்தியாவில்தான் அறிமுகப்படுத்தியது என்பது இந்தச் சாலையில் ஐந்து நிமிடம் நின்றாலே புரிந்துவிடும்.

கே.ஆர். புரத்தின் தொங்குபாலத்தை நெருங்கும்போது இருட்டிவிட்டது. ஹெப்பாள் மேம்பாலம் இந்த வட்டாரத்தின் இன்னொரு சில்க் போர்டு. விமானத்தைப் பிடிப்பவர்களின் வயிற்றைக் கலக்குவது இதுதான். திரை சொன்ன நேரமும் மெல்ல நீண்டுகொண்டே போனது. அத்திப்பள்ளியில் இரண்டே கால் மணி என்றது, கடைசியில் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. கருவியைக் குறை சொல்ல முடியாது. பொதுவாக வெள்ளிக்கிழமை மாலை என்ன நடக்கும் என்ற பழைய அனுபவத்தையும் இப்போதைய வேகத்தையும் கலந்துதான் அது நேரம் சொல்கிறது. நாம் போய்ச் சேர்வதற்குள் அலுவலகங்கள் விடுவதும், மடிவாளாவிலிருந்து சேலம், மதுரை, கோவை பஸ்கள் கிளம்புவதும் அதன் ஊகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன.

ஹெப்பாளைத் தாண்டியதும் கோடு பச்சையானது. உயர்த்தப்பட்ட சாலையில் கார் பறந்தது. டிரைவர் முதல்முறையாக நான்காவது கியரைத் தாண்டினார். விமான நிலைய வாசலில் என்னை இறக்கிவிட்டு, அத்திப்பள்ளிக்குத் திரும்பிப் போகும் வழியைத் திரையில் தட்டிப் பார்த்தார். வெளிவட்டச் சாலை முழுக்கச் சிவப்பு. நகரத்தின் மேற்கே சுற்றிப்போகும் நைஸ் சாலையில் கட்டணம். இரண்டையும் பார்த்துவிட்டு வண்டியை டாக்ஸிகள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்; சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, பத்தரை மணிக்கு அலாரம் வைத்தார்.