பதினொரு பந்துகள்

ஒருவனுடைய தகுதியை எத்தனை தடவை பார்த்தபின் நிர்ணயிக்கலாம் என்னும் வினா, கற்பித்தற்றொழிலை மேற்கொண்டோர் யாவரையும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளவே செய்யும். என்னை அது ஒரு விளையாட்டின் வழியாக வந்தடைந்தது. அதுவும் மைதானத்தில் ஆடப்பட்ட விளையாட்டன்று. கணனித் திரையிலே, உலகில் இல்லாத வீரர்கள் இல்லாத புற்றரையொன்றில் ஆடிய விளையாட்டு. அறிவுடையோர் இதழொன்றில் எழுதத்தக்க பொருளா இது என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் இறுதிவரை பொறுத்திருத்தல் வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே புள்ளிவிபரவியலில் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் வடபகுதிப் பல்கலைக்கழகமொன்றுக்குச் சென்றேன். என்னுடன் ஆய்வறையைப் பகிர்ந்துகொண்டோர் பன்னிருவர் கொண்ட ஒரு கற்பனைச் சங்கத்தை நடத்திவந்தனர். ஒவ்வொருவருக்கும் ஓர் உதைபந்தாட்ட அணி. ஆடுபவர் அனைவரும் கணனி படைத்த வீரர். ஊரைவிட்டு நீங்கிய ஒருவருடைய இடம் வெறிதாயிருந்தமையால் அதனை எனக்கு அளித்தனர். அவ்வணி சங்கத்திலே கடைசி இடத்தில் இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அமெரிக்க உதைபந்தாட்டம் நம்மவர்க்கு அந்நியமானது. றகர் ஆட்டத்தை அறிந்தோர்க்கு அதனை விளக்குதல் எளிது. றகரிலே பந்தை முன்னோக்கி எறிதல் குற்றம். இங்கோ அதுவே ஆட்டத்தின் உயிர். பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறுதல் வேண்டும். குவாட்டர்பாக் எனப்படுபவர் பந்தை எறிவார். ஓரத்திலே நின்று, ஆட்டம் தொடங்கியதும் பாய்ந்தோடி அதனைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். அவரைப் பந்தேற்பாளர் எனக் குறிப்பிடுவேன்.

மெய்யான வீரர்கள் வாரந்தோறும் ஈட்டும் எண்களைக் கூட்டிப் போட்டியிடும் விளையாட்டொன்று 1963ஆம் ஆண்டு ஓக்லண்டில் தொடங்கி இன்று கோடிக்கணக்கானோரை ஈர்த்துள்ளது. எங்களுடையது அவ்வகையினதன்று. இங்கு ஒவ்வொரு வீரரும் சில எண்களின் தொகுதியே. வேகம், கைத்திறன், ஓட்டப்பாதை நுட்பம், துணிவு என ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு எனப் புள்ளி உண்டு. பந்து எறியப்படுந்தோறும் இவ்வெண்களையும் எதிரணிக் காவலரின் எண்களையும் ஒப்புநோக்கி, அவற்றோடு தற்செயல் எண்ணொன்றையும் சேர்த்துக் கணனி விளைவைத் தீர்மானிக்கும். இதிலே சூட்சுமம் ஒன்றுண்டு. புதுமுக வீரரின் உண்மையான எண்கள் நமக்குக் காட்டப்படுவதில்லை. காட்டப்படுவன மதிப்பீடுகள் மாத்திரமே. அவர் ஆட ஆடத்தான் மதிப்பீடு உண்மையை நெருங்கும்.

புதுமுகங்களைத் தெரிவுசெய்யும் நாளிலே, கடைசி அணி என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் உரிமை எனதாயிற்று. ஏழு சுற்றுகளில் மூன்று பந்தேற்பாளரைத் தெரிந்தேன். கணனி சூட்டிய பெயர்கள் மனத்தில் நிற்கவில்லை. சட்டை இலக்கங்களே நின்றன. முதற் சுற்றில் 81: வேகம் 94, கைத்திறன் 52. மூன்றாம் சுற்றில் 88: எல்லாம் எழுபதை அண்மியன. ஏழாம் சுற்றில் 19: குறிப்பிடத்தக்கதாக எதுவுமில்லை. வேறு எவரும் எஞ்சியிராமையால் அவரை எடுத்தேன் என்பதே உண்மை.

இவ்விடத்திற் பந்தேற்பாளரின் தொழிலைச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும். விரைந்தோடுபவன் எவனும் இதற்குப் போதுமானவன் எனப் புறத்தே நின்று நோக்குவார் கருதுவர். ஓட்டப்பாதைகளுக்கு இலக்கமிட்டு வழங்குவது அங்கு நீண்டகால மரபு. ஒற்றை இலக்கப் பாதைகள் வெளியோரம் நோக்கி முறியும். இரட்டை இலக்கப் பாதைகள் உட்புறம் முறியும். ஒன்பதாவது முறியாமல் நேரே செல்லும். எத்தனையாவது அடியில் முறிதல் வேண்டுமென்பது விதி. காவலர் முதல் ஐந்து யார் தூரத்துள் அவரைத் தள்ளித் தடுக்கலாம். தடையைத் தாண்டி ஓடுகையில், எதிரணி நிற்கும் முறையைப் படித்துப் பாதையை மாற்றவும் வேண்டும். அதனை எறிபவரும் அதே கணத்தில் அவ்வாறே படித்திருத்தல் வேண்டும். யாவற்றினும் அரியது யாதெனில், பந்தேற்பாளர் திரும்பிப் பார்க்குமுன்னரே பந்து கையைவிட்டுப் புறப்பட்டுவிடும் என்பதே. எவருமில்லாத வெற்றிடத்தை நோக்கி, அவர் அங்கே வந்து சேர்வார் என்னும் நம்பிக்கையில் அது எறியப்படுகின்றது.

கல்லூரி அணியில் ஒளிவீசிய பலர் முதலாவது ஆண்டிலே தடுமாறுதற்குக் காரணம் இதுவே. அவ்வாறாயினும் தடுமாற்றம் பொதுவிதியுமன்று. 1998ஆம் ஆண்டுத் தெரிவில் 20 வீரர்கள் எடுக்கப்பட்டபின் 21ஆவதாக மினசோட்டா அணியை அடைந்த றண்டி மொஸ், முதற் பருவத்திலேயே 17 பந்துகளை டச்டவுனாகப் பிடித்தார். அவரைத் தெரியாது விட்ட அணிகளுள் டலஸ் அணியும் ஒன்று. அவ்வணியின் சொந்த மைதானத்திலே அவ்வாண்டு அவர் பிடித்த பந்துகள் மூன்று, மூன்றும் டச்டவுன், தூரம் 163 யார். 2023இல் 177ஆவதாகத் தெரியப்பட்ட பூக்கா நக்குவா 1,486 யார் ஈட்டி, 1960இல் பில் குரோமன் நிலைநாட்டிய 1,473 யார் என்னும் புதுமுகச் சாதனையைக் கடந்தார். குரோமனுக்கு 14 ஆட்டங்கள், நக்குவாவுக்கு 17 ஆட்டங்கள் என்பதையும் உடன்கூறல் நேர்மையாகும்.

நான் சென்ற ஆண்டிலே இதற்கு மறுதலையான காட்சியைக் கண்டேன். ஜோன் றொஸ் என்பவர் 40 யார் தூரத்தை 4.22 செக்கனில் ஓடித் தெரிவுக்கு முந்திய சோதனைகளின் சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவதாகத் தெரிந்தது. காயங்களும் அவரை வருத்தின. அப்பருவம் முடிந்தபோது அவர் பிடித்திருந்த பந்துகள் பூச்சியம். அடுத்த ஆண்டில் 21 பந்துகளைப் பிடித்தார். அவற்றுள் ஏழு டச்டவுன்.

ஆயினும் என் சிந்தனையை நெடுங்காலம் ஆட்கொண்டவர் ஜெரி றைஸ். மிசிசிப்பி மாநிலத்துச் சிறு கல்லூரியொன்றிலிருந்து வந்தவர். தந்தையார் செங்கற் கட்டடத் தொழிலாளி. தமையன்மார் கீழிருந்து எறியும் செங்கற்களை மேலே நின்று ஏந்திப் பழகியவை அவருடைய கைகள். 1985இல் சான் பிரான்சிஸ்கோ அணி அவரைப் பதினாறாவதாகத் தெரிந்தது. அக்கைகளே முதலாவது ஆண்டிலே பந்தை மீண்டும் மீண்டும் நழுவவிட்டன. சொந்த மைதானத்து இரசிகரே ஏளன ஒலி எழுப்பினர். பயிற்றுநர் அவரைக் கைவிடவில்லை. அவ்வாண்டு மார்கழியில் ஒரே ஆட்டத்தில் 10 பந்துகளைப் பிடித்து 241 யார் ஈட்டினார். இருபது பருவங்களின் பின் அவர் ஓய்ந்தபோது பிடித்திருந்தவை 1,549. தூரம் 22,895 யார். அவ்வெண்களை எவரும் இன்னும் எட்டவில்லை.

இவற்றையெல்லாம் நன்கறிந்திருந்தும் நான் செய்த காரியம் வேறு. நான்கு ஆட்டங்களிலே 19ஆம் இலக்கத்தாரை நோக்கி எறியப்பட்ட பந்துகள் பதினொன்று. அவற்றுள் மூன்றை அவர் நழுவவிட்டார். நான்கு ஆட்டங்களிலும் நாம் தோற்றோம். ஓர் இரவு, பனி பெய்யத் தொடங்கியிருந்த வேளையிலே, விடுவிப்பு என்னும் சொல்லின்மேல் விரலை வைத்தேன். அவர் போய்விட்டார். 81ஐ வைத்துக்கொண்டேன், 94 என்னும் எண்ணின் கவர்ச்சி அத்தகையது.

தை மாதத்திலே எனது தகுதிகாண் பரீட்சை வந்தது. நான் சித்தியடையவில்லை. அங்கு வந்து ஐந்து மாதங்கூட ஆகவில்லை. விரிவுரைகளிற் பாதி செவியில் ஏறவில்லை. வகுப்பிலே வாய் திறக்க நாணம். இவை காரணங்களாகலாம், பெறுபேற்றுப் பட்டியலிற் காரணங்களுக்கு நிரல் இல்லை. உதவிப்பணம் நின்றுபோனால் ஊருக்குத் திரும்பவேண்டியதே. என்னை மேற்பார்வை செய்த பேராசிரியர் அறைக்கு அழைத்தார். ஒரேயொரு பரீட்சையைக் கொண்டு தாம் எதனையும் அறிந்துகொண்டதாகக் கருதவில்லை என்றும், வைகாசியில் மறுமுறை எழுதும்படியும் கூறினார். அவர் அன்பினால் உருகிச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலவே சொன்னார்.

கணக்கு என்றதும் எனக்கு அந்தப் பதினொரு பந்துகள் நினைவுக்கு வந்தன. அறைக்குத் திரும்பித் தாளில் எழுதிப் பார்த்தேன். பத்துப் பந்துகளுக்கு ஒன்றை மாத்திரமே நழுவவிடும் நல்ல கையுடைய ஒருவர், பதினொரு பந்துகளில் மூன்றையோ அதற்கு மேலாகவோ நழுவவிடுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது. பன்னிரு அணிகளுக்கும் அணிக்கு மூவராக 36 நல்ல புதுமுகங்கள் இருப்பின், அவர்களுள் மூவரேனும் வெறுந் தற்செயலினாலேயே எனது 19ஐப் போலத் தோற்றமளிப்பர். முதலாண்டு மாணவனுக்குரிய கணக்கு இது. புள்ளிவிபரவியல் படிக்கச் சென்றவன் அதனைப் போடாமலே விரலை அழுத்தியிருந்தேன்.

ஒகையோ மாநிலத்து நண்பரொருவர் 19ஐத் தம் அணியிற் சேர்த்திருந்தார். இரண்டாம் பருவத்திலே அவருடைய அணி எமது அணியைச் சந்தித்தபோது 19 இரு தடவை எம்மைக் கடந்து எல்லைக்கோட்டை அடைந்தார். அவருடைய கைத்திறன் இப்பொழுது 83 எனத் திரை காட்டிற்று. இங்கே கதையை முடித்துக்கொள்ளின் அது சிறுவர்க்குரிய நீதிக்கதையாகும். ஆனால் 81இன் வரலாறும் உண்டே. அவரை மூன்று பருவங்கள் பொறுமையோடு காத்தேன். எறியப்பட்ட பந்துகள் இருநூறைக் கடந்தன. அவர் கற்றுக்கொள்ளவேயில்லை. 52 என்ற மதிப்பீடு தொடக்கத்திலேயே உண்மையாயிருந்தது. நடுத்தரமான 88 எவ்வித ஆரவாரமுமின்றி எமது அணியின் தூணாயினார். ஆகவே பொறுமை எப்பொழுதும் பயன்தருமென்று நான் வாதிடவில்லை. சிறிய சான்றைக்கொண்டு பெரிய தீர்ப்பை வழங்கலாகாது என்பதொன்றே என் துணிபு. காத்திருத்தலுக்கும் ஒரு விலை உண்டென்பதை அறிந்தே அவ்வாறு கூறுகிறேன்.

வைகாசியிற் சித்தியடைந்தேன். காலக்கிரமத்தில் நாடு திரும்பி விரிவுரையாளனானேன். நமது பல்கலைக்கழகங்களிலே சிறப்புப் பட்டத்துக்குரிய மாணவரைத் தெரிதல் பெரிதும் தொடக்கநிலைப் பரீட்சைப் பெறுபேற்றையே பற்றியதென்பதை இவ்விதழின் வாசகர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. நான் பணியேற்ற முதலாண்டில் ஒரு மாணவி சிறப்புக் கற்கைக்கு விண்ணப்பித்தாள். ஒரு பாடத்திலே புள்ளி குறைவு. ஒரு பருவத்தின் ஒரே தாள். விண்ணப்பத்திலே குறிப்பெழுதும் இடத்தில் "பொருத்தமில்லை" என எழுதிக் கையொப்பமிட்டேன். அவள் வந்து வாதாடவுமில்லை. பொதுப்பட்டத்தோடு வெளியேறினாள். அவள் 19ஓ 81ஓ என்பதை இனி எவரும் அறிதல் இயலாது. திரையிலே விடுவிக்கப்பட்டவரையேனும் வேறோர் அணி எடுத்துக்கொண்டது. அவளுக்கு இங்கு வேறு அணி இருக்கவில்லை.

அவ்விண்ணப்பத்தை எழுதியபோது பேராசிரியரின் அறை என் நினைவில் இருக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. இருந்தது. குழுக்கூட்டத்துக்கு நேரமாயிருந்தது; மேசைமேல் இன்னும் நாற்பது விண்ணப்பங்கள் இருந்தன. பெரும்பாலான தீர்ப்புகள் கொடுமையினாலன்றி இவ்வாறான அவசரத்தினாலேயே வழங்கப்படுகின்றன என்பது என் அனுபவம்.

இவ்வாண்டும் அந்தக் கட்டு என் மேசைக்கு வந்துள்ளது. குறைந்த புள்ளி பெற்றோர் எழுவர். ஒவ்வொருவரையும் அழைத்து அரைமணி நேரமாயினும் பேசிய பின்னரே எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறேன். எழுவருக்கும் இடமளித்தல் இயலாது. சிலருக்கு இல்லை என்றே எழுதவேண்டியிருக்கும். எனினும், ஓடிக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்க்குமுன்னே பந்தை எறிந்து அவர்களின் வரவுக்காகக் காத்திருந்த ஒருவரால் இந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவன் நான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு முதலாமவர் வருகிறார்.