தொப்பூர் ஏற்றத்தில் ஒரு கல்

சென்ற ஜனவரியில் ஒரு நாள், சுபுஹு தொழுகை முடிந்து பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. பேசியவன் முன்பு என்னிடம் ஓதிய மாணவன். இப்போது லாரி ஓட்டுநர். ஆப்பிள் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், காஷ்மீரத்தின் காசிகுண்ட் அருகே வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

"ரோடெல்லாம் பனி உறைஞ்சு கிடக்கு ஹஜ்ரத். பார்த்தா வெறும் ஈரம் மாதிரிதான் இருக்கு, கால் வெச்சா வழுக்குது. துஆ செய்யுங்க" என்றவன், சற்று நிறுத்தி, "நம்ம தொப்பூர் ஞாபகம்தான் வருது" என்று சிரித்தான்.

அவன் வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் ஓர் உண்மை இருந்தது. 2010-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியபோது, ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் நீண்ட வழிக்கு 44 என்று எண்ணிட்டார்கள். அவன் நின்றிருந்த பனிச்சாலையும் எங்கள் தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயும் ஒரே சாலைதான்.

என் சிறுவயதில் அதன் பெயர் ஏழாம் எண் நெடுஞ்சாலை. இன்றுபோல் நான்கு வழி கிடையாது. ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே குறுகிய தாரில் ஒதுங்கிப் போகவேண்டும். சேலத்திலிருந்து வரும் பாரவண்டிகள் முனகிக்கொண்டு ஏறும். தர்மபுரியிலிருந்து வருபவை இறங்கும். டீசலை மிச்சம்பிடிக்கச் சிலர் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். அப்புறம் இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்கவேண்டும். அது சூடேறிக் காய்ந்துவிட்டால் மிதித்தும் பயனில்லை. நான் கலைப் பட்டதாரி; இந்த இயற்பியலை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. கருகிய பிரேக்கின் வாடைதான் கற்பித்தது. எங்கள் ஊரில் பனி உறைவதில்லை. ஆனால் கோடை கழிந்து விழும் முதல் மழையில், தாரில் ஊறிய எண்ணெய் மேலே மிதந்து வரும். அப்போது எங்கள் சாலையும் கண்ணாடிதான்.

சாலை அகலமான பின்னும் இறக்கத்தின் குணம் மாறவில்லை. 2020 டிசம்பர் 12 அன்று ஒரு லாரி கட்டுக்கடங்காமல் வந்து பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் மோதி, நால்வர் உயிரிழந்தனர். 2024 ஜனவரியிலும் நால்வர்.

எங்கள் அத்தா, மர்ஹூம், ஏற்றத்தின் ஓரத்தில் தேநீர்க் கடை வைத்திருந்தார். பாரம் தாங்காமல் வண்டி நின்றுவிட்டால் கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுப்பான். வண்டி கிளம்பியதும் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வான். கல் நடுச்சாலையில் கிடக்கும். அவனைக் குறை சொல்லவும் முடியாது, மறுபடி நிறுத்தினால் வண்டி ஏறாது. அந்தக் கற்களை அப்புறப்படுத்துவது என் வேலை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்ற நபிமொழியை ஓதுவதற்கு முன்பே நான் அதைச் செய்யத் தொடங்கியிருந்தேன். பெரும்பாலும் சலித்துக்கொண்டுதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும். மழை விட்டும் விடாத ஒரு மஃரிப் நேரம். ஒரு லாரி நின்று கிளம்பியது. வளைவில் கல் கிடப்பதைக் கடையிலிருந்தே பார்த்தேன். நனையச் சோம்பல். "எல்லாக் கல்லையும் எடுத்துட்டியா?" என்று அத்தா கேட்டார். "எடுத்துட்டேன் அத்தா" என்றேன்.

இருட்டியபின் டி.வி.எஸ். 50-இல் வந்த காய்கறி வியாபாரி ஒருவர் அதில் ஏறி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. தக்காளி சாலையெல்லாம் உருண்டு ஓடியது. அத்தா அவரைத் தாங்கிவந்து கடையில் உட்காரவைத்து, சூடாகத் தேநீர் கொடுத்து, வழியில் வந்த வேனில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். திரும்பி வந்து, "நீ எடுத்த பிறகு வேறு வண்டிக்காரன் போட்ட கல் போலிருக்கு" என்று அவரே சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

அடி விழும் என்ற பயமல்ல அது. அத்தா ஒருநாளும் கைநீட்டியவரல்லர். அவர் என்னை நம்பிவிட்டார். அதுதான் வாயைக் கட்டிவிட்டது. பிறகு ஒரு மாதம் அந்த வியாபாரியின் வீட்டுக்கு அத்தா அரிசி கொடுத்தனுப்பினார். தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். "நல்ல பிள்ளை" என்று அந்த வீட்டம்மாள் ஒவ்வொரு முறையும் கையில் ஏதாவது தின்னக் கொடுப்பார்.

அத்தா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த வியாபாரி குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டது. யாரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அன்று அஸருக்குப் பின் அந்த மாணவனை நானே அழைத்தேன். வெயில் ஏறியதும் பாதையைத் திறந்துவிட்டார்களாம். பனிஹால் சுரங்கத்தைத் தாண்டி மெதுவாக இறங்கிக்கொண்டிருப்பதாக உடன் சென்ற பையன் சொன்னான்.

"இரவெல்லாம் சக்கரத்துக்கு என்ன கொடுத்தீர்கள்?"

"கல்லுதாங்க."

"கிளம்பும்போது எடுத்தீர்களா?"

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு என் மாணவனின் குரல் தூரத்திலிருந்து கேட்டது: "எடுத்து ஓரமாப் போட்டுட்டேன் ஹஜ்ரத். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான், பார்த்துப் போ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.