எட்டு வடிவக் காயிலும் துடிக்கும் விரலும்

விழுப்புரத்தை அடுத்த கெடார் வட்டார வயல்களில் நாற்றுமுடியைப் பிரித்து நடுவதும், அரிவாளை இறுகப் பிடிப்பதும், கரும்பின் தோகையை உரிப்பதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சிறு தசையின் உழைப்பைப் பெரிதும் சார்ந்தவை. மூளையைக் காந்தத்தால் தூண்டும் ஆய்வறைகளில் பெரும்பாலும் அளக்கப்படுவதும் இதே தசையே.

இம்முறைக்கு அடிப்படை, மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831-இல் ஃபாரடே நிறுவிய விதியாகும். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் உடன் ஆய்வாளர்களும் இவ்விதியைக் கொண்டு மனித மூளையின் இயக்கப் புறணியை, அதாவது உடலசைவுகளுக்குக் கட்டளையிடும் மேற்பரப்பை, தலையோட்டுக்கு வெளியிலிருந்தே வலியின்றித் தூண்டிக் காட்டினர். தலைமேல் வைக்கப்படும் 'காயில்' எனும் செப்புச் சுருளில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மின்சாரம் பாய, எழும் காந்தப்புலம் எலும்பைத் தடையின்றிக் கடந்து நரம்பணுக்களைத் தூண்டுகிறது; ஏறத்தாழ 20 மில்லிநொடி கழித்து எதிர்ப்புறக் கையின் விரல் துடிக்க, தோலில் ஒட்டிய மின்முனைகள் அத்துடிப்பைப் பதிவு செய்கின்றன.

இம்முறையின் நுட்பம் பெரிதும் எட்டு வடிவக் காயிலில் அடங்கியிருக்கிறது. இரு வளையங்களும் கூடும் நடுப்பகுதிக்குக் கீழே தூண்டல் குவிவதால், காயிலைத் தாங்குபவர் அதைச் சிறிது சிறிதாக நகர்த்தி, விரல் மிகுதியாகத் துடிக்கும் இடத்தைத் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். காயில் நடுக்கோட்டுக்கு 45 பாகைச் சாய்வில் அமைந்து, மூளையில் மின்னோட்டம் பின்னிருந்து முன்னாகச் செல்லும்போது கைத்தசை எளிதில் மறுமொழி தருகிறது. திசையைத் திருப்பினால் மறுமொழி தாமதமாவதுடன், அதைப் பெறக் கூடுதல் விசையும் தேவைப்படுகிறது. தளர்ந்திருக்கும் தசையில் பத்துத் தூண்டல்களுக்கு ஐந்திலாவது 50 மைக்ரோவோல்ட் மறுமொழி தரும் மிகக் குறைந்த விசையே அம்மனிதரின் 'வாசல் அளவு' எனப்படும். ஆய்வுகளில் பெரும்பாலும் அதன் 120 விழுக்காடு கையாளப்படுகிறது. எனினும், அமர்ந்திருப்பவர் விரலைச் சற்றே இறுக்கினாலும் துடிப்பு பன்மடங்கு பெருகிவிடும்.

வேகமும் விளைவை மாற்றுகிறது. நொடிக்கு ஒன்றாகத் தொடர்ந்து தூண்டினால் புறணியின் தூண்டப்படும் தன்மை பொதுவாகத் தணிகிறது. நொடிக்கு ஐந்து அல்லது அதற்கு மேலாகத் தூண்டினால் பொதுவாக உயர்கிறது. ஆயினும் எல்லா மனிதரிடமும் இவ்விளைவு ஒரே திசையில் அமைவதில்லை.

கருவியின் அமைப்பு மாறாதபோதும் தூண்டப்படுபவரின் கவனம் மறுமொழியின் அளவை மாற்றுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் ஊர்வாக்ஷ் மேத்தா முதலியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் கைச்செயலைப் பார்க்கும்போது பார்ப்பவரின் விரல் தசையில் மறுமொழி பெருகுவதையும், மருந்து தொடங்காத மனச்சிதைவு நோயாளிகளிடம் அப்பெருக்கம் குறைவதையும் அளந்தது. மூத்தவர் கையைப் பார்த்தே இளையவர் நடவு பழகும் வயலுக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

ஆகவே, இத்தூண்டலைச் சிகிச்சையாக வழங்கும்போது, கருவியின் திரையில் தோன்றும் எண்ணை எல்லாத் தலைகளுக்கும் பொதுவான மருந்தளவாகக் கருதுவது பெரும்பிழை. வாசல் அளவைப் பெரிதும் மிஞ்சும் விசையும் மிகுந்த வேகமும் சேர்ந்தால் வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், அவ்வாசல் அளவை அளக்காமல் காந்தச் சிகிச்சை என்று கட்டணம் பெறுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதியாகும். கடன் வாங்கிக்கொண்டு மருத்துவம் தேடி வரும் உழவுத் தொழிலாளிக்கு, அவருடைய விரலே உரைக்கும் அளவின்படி தூண்டல் பெறும் உரிமை உண்டு. காயில் பிடிப்பவருக்குக் கருவி விற்பவர் தரும் செயல்விளக்கம் மட்டும் அவ்வுரிமையைக் காக்கப் போதாது. காயில் பிடிப்பதும் நடவைப் போலவே தேர்ந்த கையின் அருகிலிருந்து பார்த்துப் பழக வேண்டிய தொழில். அப்பழக்கத்திற்கு வேண்டிய காலத்தையும் ஊதியத்தையும் மருத்துவமனைகள் ஒதுக்கியாக வேண்டும்.