அண்டாவைக் கொடுங்க, கடிதத்தை வைங்க

மதுரை மாசி வீதிப் பக்கம் பழைய வீட்டைக் காலி பண்ணி ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குப் போறவங்க பலரும், பேர் வெட்டின பித்தளை அண்டாவைப் பத்திரமாக் கூடக் கொண்டு போறாங்க. ட்ரங்குப் பெட்டியில கிடக்கிற கடிதம், கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகையை மூட்டை கட்டி எடைக்குப் போட்டுடுறாங்க. இது தலைகீழ்னு நினைக்கிறேன். அண்டா மாதிரி இன்னொரு அண்டா கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல அடுக்கி வச்சு விக்கிறாங்க. தாத்தா ரங்கூன்லேர்ந்து எழுதின கடிதத்துக்கு இன்னொரு பிரதி கிடையாது. இப்படிப்பட்ட காகிதத்தோட அருமை தெரிஞ்ச கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், அடுத்தவங்க கழிச்சுப் போடுற நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பழைய இதழ்னு வாழ்நாள் பூராச் சேர்த்தார். 1992ல அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994ல சென்னையில அவர் பேர்லயே நூலகம் வந்துச்சு. தமிழ் அச்சு வரலாறு எழுதுறவங்க இன்னிக்கு அங்கேதான் போய் உட்கார்றாங்க.

"அம்மா சமைச்ச பாத்திரத்தை எப்படிங்க கொடுக்குறது?" நியாயமான வலிதான். ஆனா பரண்ல களிம்பேறிக் கிடக்கிறதைவிட, ஈயம் பூசி சித்திரைத் திருவிழா அன்னதானத்துக்குக் கொடுத்தா அதுல மறுபடி சோறு வேகும். அம்மாவுக்கும் அதுதான் பிடிச்சிருக்கும். கடிதத்துல குடும்பச் சண்டை, கடன் எல்லாம் இருக்குமேன்னா, அதை மட்டும் தனியாப் பிரிச்சு வச்சுக்கலாம். மிச்சம் ஒரே பெட்டி, கட்டிலுக்கு அடியில அடங்கிடும். உங்க வீட்டு ட்ரங்குப் பெட்டியை எப்போ கடைசியாத் திறந்து பார்த்தீங்க?