5.9-ஐ நம்பி ஏமாந்த கதை

போன ஐப்பசியில எங்க ஊட்டுக்காரம்மாவுக்கு கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேசன் பண்ணுனோம். ரத்தம் நெறையப் போயிருந்ததால ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துனாங்க, இரும்புச்சத்து மாத்திரையும் குடுத்தாங்க. அவளுக்கு எட்டு வருசமா சக்கரை இருக்குதுங்க. ஆபரேசனுக்கு முன்னாடி மூணு மாசச் சக்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 8.1.

ரெண்டு மாசம் கழிச்சு, பொள்ளாச்சி பஸ்ஸுல உக்கடம் வந்து எறங்கி, பக்கத்துல ஒரு லேப்ல ரத்தம் குடுத்தோம். ஹெச்பிஏ1சி 5.9-ன்னு வந்துச்சு. எனக்கு தலைகால் புரியல. "ஏனுங்க, கட்டியோட சக்கரையும் போயிருச்சாட்ட இருக்குதுங்க"ன்னா அவ. டாக்டருகிட்ட காட்டாம, மாத்திரைய ஒரு வேளையாக் கொறைச்சது நாந்தாங்க. ராத்திரி ராகிக்களி போயி அரிசிம்பருப்புச் சோறு வந்துச்சு.

அதே காயிதத்துல மேல வெறும் வயித்துச் சக்கரை 172-ன்னு இருந்துச்சு. அதை நாங்க யாரும் பாக்கல. நல்ல நெம்பர் ஒண்ணு கண்ணுல பட்டா மத்தது தெரியாதில்லீங்களா.

மாசி மாசம் தக்காளிக் காட்டுல அவ குதிங்கால்ல முள்ளு ஏறிருச்சு. இருவது நாளாகியும் புண்ணு ஆறல. 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல ஊட்டுக்கே வர்ற அம்மிணி விரல்ல குத்திப் பாத்துச்சு. 268. "என்னங்கக்கா, மாத்திரை சாப்பிடறீங்களா இல்லீங்களா?"ன்னு கேட்டதும் அவ என்னையப் பாத்தா. நான் மாட்டுத் தாழியப் பாத்தேன்.

மறுபடியும் கோயமுத்தூரு. டாக்டரு ரெண்டு ரிப்போர்ட்டையும் வெச்சுப் பாத்துட்டு கேட்ட மொதக் கேள்வி: "சமீபத்துல ரத்தம் ஏத்துனீங்களாம்மா?"

அப்புறம் பொறுமையா வெளக்குனாரு. ரத்தச் சிவப்பணு சுமாரா 120 நாள் உசுரோட இருக்கும். அதுக்குள்ள இருக்கற ஹீமோகுளோபின்ல சக்கரை கொஞ்சங்கொஞ்சமா ஒட்டும். எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாக்கறதுதான் ஹெச்பிஏ1சி. ஏத்துன ரத்தத்துல இருந்தது இன்னொருத்தரோட சிவப்பணு. இரும்பு மாத்திரையால ஒடம்புல புது அணுவும் வேகமா ஊறியிருக்கும். அதுல சக்கரை ஒட்ட இன்னும் நாள் ஆகல. பாதி எழுதுன கணக்கு நோட்டுல ஏடு கிழிச்சுட்டு வெத்துத் தாள் சேத்துத் தெச்ச மாதிரிங்க. லேப் பாத்தது சரிதான், நோட்டுத்தான் எங்களுது இல்ல.

இதுக்கு வேற டெஸ்ட் இருக்குதாம், பேரு ஃப்ரக்டோசமைன். ரத்தத்துல மெதக்கற புரதத்துல, முக்கியமா ஆல்புமின்ல, ஒட்டுன சக்கரையக் கணக்குப் பண்றது. புரதத்துக்கு ஆயுசு கம்மிங்கறதால கடைசி ரெண்டு மூணு வாரத்து நெலவரத்தைச் சொல்லும். சிவப்பணுவோட சம்பந்தமில்லாததால ரத்தம் ஏத்துனாலும் இது ஏமாத்தாது.

பால் ஊத்தறவங்களுக்கு நான் இப்படிச் சொல்லுவேன். விரல்ல குத்திப் பாக்கறது இன்னிக்குக் காலைப் பாலோட அளவு. ஃப்ரக்டோசமைன் வாராவாரம் வர்ற சொசைட்டிப் பட்டுவாடா மாதிரி. ஹெச்பிஏ1சி மூணு மாசக் கணக்கு. மூணும் ஒத்துப் போகோணும். ஒண்ணு மட்டும் முறுக்கிட்டு நின்னா என்னமோ கோளாறுன்னு அர்த்தம்.

அவளுக்கு 368 வந்துச்சு. அந்த லேப் காயிதத்துல 285 வரைக்கும்தான் சரின்னு போட்டிருந்துச்சு. மாத்திரைய டாக்டரு மாத்திக் குடுத்தாரு. மூணு வாரம் கழிச்சுப் பாத்தா 310. ஹெச்பிஏ1சின்னா மாத்திரை வேலை செய்யுதான்னு தெரிய மூணு மாசம் காத்திருக்கோணும், அதுக்குள்ள கால் என்ன ஆயிருக்குமோ. புண்ணு பங்குனிக் கடைசியில மூடிருச்சு.

இந்த டெஸ்ட்டும் எல்லாருக்கும் ஒத்து வராதுங்க. சிறுநீர்ல புரதம் போறவங்க, ஈரல் கோளாறு இருக்கறவங்க, ஆல்புமின் கம்மியானவங்களுக்கு இது தப்பாக் காட்டலாம்னு டாக்டரே சொன்னாரு. ரத்தசோகையும் ஹெச்பிஏ1சியைக் கொழப்பும். இரும்புச்சத்து கொறைஞ்சா பொதுவா கூட்டிக் காட்டுமாம்.

டவுன்ல இருக்கற நீங்க எங்களை விட அடிக்கடி டெஸ்ட் எடுக்கறவங்க. ரத்தம் ஏத்தியிருந்தா, ரத்தசோகைக்கு மருந்து சாப்பிட்டா, டாக்டரு கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க. ரிப்போர்ட்ட முழுசாப் படிங்க. மாத்திரையில மட்டும் கை வெச்சுராதீங்க.

இப்ப ராத்திரிக்கு மறுபடியும் களிதான். எனக்குஞ் சேத்து.