மெல்லிய தோல் காக்கும் மலைகள்

'கல்லைப் போல உறுதி' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் கையால் சுரண்டினாலே மணலாய் உதிரும் மலைகளும் உலகில் உண்டு. அவற்றைச் சென்ற கோடை விடுமுறையில் நேரில் காணும் பேறு எங்களுக்குக் கிட்டியது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள குனனரா என்னும் சிற்றூரில் எங்கள் சித்தி செவிலியராகப் பணிபுரிகிறார். பாட்டி இறந்தபோது அவரால் ஊருக்கு வர இயலவில்லை. ஆகவே அப்பா, அம்மா, தம்பியோடு நாங்களே அவரைக் காணப் புறப்பட்டோம். சித்தியும் சித்தப்பாவும் எங்களைப் பர்னுலுலு தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் என்று எண்ணிய தம்பி ஏமாந்தான்!

நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்ததும் 53 கிலோமீட்டர் மண்பாதை. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிதான் அதில் போக முடியும். ஓடைகளில் இறங்கி ஏறி, எலும்புகள் கலகலக்க, மூன்று மணி நேரம் சென்றோம். வழியில் கடை இல்லை, வீடு இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு அன்று அமுதமாக இருந்தது. மழைக்காலத்தில் இப்பாதையையே மூடிவிடுவார்களாம்.

முதலில் எக்கிட்னா இடுக்கினுள் நுழைந்தோம். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். போகப்போக வழி குறுகி, இருவர் சேர்ந்து நடக்க முடியாதபடி ஆயிற்று. அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நீல நாடாவாகத் தெரிந்தது. உச்சிவெயில் உள்ளே விழுந்தபோது சுவர்கள் தணலாய்ச் சிவந்தன.

மறுநாள் கண்ட காட்சிக்குக் கண் கோடி வேண்டும்! தேன்கூடுகளைக் கவிழ்த்து வைத்தாற்போல எண்ணற்ற குன்றுகள். ஒவ்வொன்றிலும் செம்மஞ்சளும் கருமையுமாக மாறிமாறி வரிகள். ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலே இறுகி இப்பாறையானது. பின்னர் மழைநீரும் ஓடைகளும் அதை அரித்து அரித்துக் குன்றுகளாக்கின. களிமண் மிகுந்த அடுக்குகளில் ஈரம் தங்குவதால் நுண்ணுயிர்கள் படர்ந்து கருமை தருகின்றன. விரைவில் உலரும் அடுக்குகளை இரும்புத்துரு போர்த்திச் செம்மஞ்சளாக்குகிறது. உள்ளே இருப்பதோ வெளிறிய, பொலபொலப்பான மணற்கல். சில மில்லிமீட்டர் கனமே உள்ள அத்தோல்தான் குன்றையே காக்கிறது! எனவே குன்றுகளின் மேல் ஏறக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. தம்பி ஒரு கல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். "கூடாது கண்ணா, பார்த்துவிட்டுப் போவதுதான் நமக்கு உரிமை" என்றார் சித்தி. கோட்டைச் சுவர்களில் பெயர் கீறும் நம்மவர்களை அப்போது நினைத்துக்கொண்டோம்.

1983இல் படக்குழு ஒன்று வானிலிருந்து படமெடுத்துக் காட்டிய பிறகே வெளியுலகம் இவ்விடத்தைப் பரவலாக அறிந்தது. 1987இல் இது தேசியப் பூங்காவாகவும், 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் கிஜா, ஜாரு மக்களுக்கு இது தொன்றுதொட்டு வாழ்ந்த மண். பர்னுலுலு என்பதே 'மணற்கல்' என்று பொருள்படும் கிஜா சொல் என்கிறார்கள். தெரிந்த வீட்டை யாரும் 'கண்டுபிடிக்க' முடியாதல்லவா?

கதீட்ரல் பள்ளத்தாக்கின் முடிவில் குடைந்தெடுத்த மண்டபம் போன்ற பெருங்குகை. மணல் தரை, நடுவே சிறு குளம். முணுமுணுத்தாலும் எதிரொலித்தது. பாட்டி எங்களைத் தூங்க வைக்கும் தாலாட்டை அம்மா மெல்லப் பாடினார். இரண்டாம் அடியில் சித்தியின் குரலும் சேர்ந்தது. பாறைகள் அதைத் திருப்பிப் பாடின. முடிந்த பிறகும் இருவரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

தோழியரே, கடல் கடந்து பிரிந்திருந்த எங்கள் குடும்பத்தை இத்தனை ஆண்டுகள் சேர்த்து வைத்தது ஞாயிறுதோறும் தவறாமல் வரும் சித்தியின் தொலைபேசி அழைப்புதான். பத்து நிமிடப் பேச்சு; சாப்பிட்டீர்களா, மழை பெய்ததா என்பதற்கு மேல் ஒன்றும் இராது. மலைக்கு அந்த மெல்லிய தோல் எப்படியோ, அப்படியே எங்களுக்கு அது. பெரியவற்றைக் காப்பவை பல நேரங்களில் மிகச் சிறியவையே. அவற்றைச் சுரண்டாமல் காப்போம்.